சைதாப்பேட்டையில் விதைத்தது, மேட்டுப்பாளையத்தில் முளைத்தது

கோடம்பாக்கம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் மாம்பலம், அதற்கடுத்தது சைதாப்பேட்டை. சைதாப்பேட்டை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது காரணீஸ்வரர் கோயில், கோர்ட், மறைமலை அடிகள் பாலம். ஒரு பல்கலைக்கழகத்தின் வேர் அங்கே இருக்கிறது என்பது அந்தப் பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்கும் தெரியாது. கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு, மாநிலமெங்கும் வளாகங்கள் வைத்திருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கதை தொடங்குவது நம் அடையாற்றங்கரைப் பக்கத்தில்தான்.

1865ஆம் ஆண்டு, சென்னை ஆளுநராக இருந்தவர் சர் வில்லியம் டெனிசன். அடிப்படையில் அவர் ஒரு பொறியாளர். இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பைகளையும் விதைப்புக் கருவிகளையும் கதிரடிக்கும் இயந்திரங்களையும் வரவழைத்து, சைதாப்பேட்டையில் ஒரு மாதிரிப் பண்ணை போட வைத்தார். நம் குடியானவர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்பது எண்ணம். 1868இல் அங்கே வேளாண்மைப் பள்ளியும் வந்தது. ராபர்ட்சன் என்பவர் அதை நீண்ட காலம் நடத்தினார்.

நீராவிக் கலப்பை எப்படியோ கப்பலேறி வந்துவிட்டது. ஆனால் மண்ணைக் கப்பலில் கொண்டுவர முடியுமா? சைதாப்பேட்டை மண் சத்துக் குறைந்த மணற்பாங்கான மண். அதில் எது விளைந்தாலும் தஞ்சாவூர் மிராசுதாருக்கோ கோவை கவுண்டருக்கோ அது பாடமாகாது. பள்ளி தொடங்கிய பத்தாண்டுக்குள் 1876-78 தாது வருஷப் பஞ்சம் வந்து மாகாணத்தையே உலுக்கியது. விவசாயத்துக்கென்று தனியாக அரசுத் துறை வேண்டும் என்று பஞ்ச விசாரணைக் கமிஷன் வலியுறுத்தியது அதன் பிறகுதான். கடைசியில் 1906இல் கல்லூரியை மூட்டை கட்டிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். கரிசலும் செம்மண்ணும் அருகருகே கிடைக்கும் இடம் அது. நிமிர்ந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை.

அந்த மலைக்கும் சென்னைக்கும் அதற்கு முன்பே ஒரு தொடர்பு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் ஹியூ கிளெகார்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1856இல் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக அவரை நியமித்தார்கள். ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டதும் அதே ஆண்டில்தான். தண்டவாளத்துக்கு அடியில் போட மரக்கட்டை வேண்டும், இன்ஜினுக்கு எரிக்க விறகு வேண்டும். காடு வேகமாகக் கரைவதைப் பார்த்துக் கவலைப்பட்டவர்களில் கிளெகார்ன் முன்னோடி. ஆனால் அன்றைய வனத்துறைக்குக் காடு என்பது முக்கியமாக ஒரு மரக்கிடங்கு. தேக்குக்கு மதிப்பு உண்டு. தேயிலை, சிங்கோனா போட இடம் உண்டு. பாசி படர்ந்த குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும் சோலைக்காடும், அதைச் சுற்றியுள்ள புல்வெளியும் பலர் கண்ணுக்குச் சும்மா கிடக்கும் நிலமாகவே தெரிந்தன. யூகலிப்டஸும் சீகை மரமும் நீலகிரிப் புல்வெளிகளை விழுங்கியது அப்படித்தான். இன்று அந்த அந்நிய மரங்களை அகற்றும் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை வந்திருக்கிறது.

கோயம்புத்தூருக்குப் போனபின் கல்லூரியைச் சுற்றி ஆராய்ச்சியும் வளர்ந்தது. 1912இல் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கே தேர்வு செய்யப்பட்ட ஜி.இ.பி. 24 என்ற ரகத்தை நம் வீட்டுப் பெண்கள் கிச்சிலி சம்பா என்றால் உடனே தெரிந்துகொள்வார்கள். அதே 1912இல் பக்கத்திலேயே கரும்பு இனப்பெருக்க நிலையமும் வந்தது. நாட்டுக் காட்டு நாணலையும் தடிக் கரும்பையும் கலந்து டி.எஸ். வெங்கட்ராமன் உருவாக்கிய ‘கோ’ ரகங்கள் வட இந்தியா முழுக்கப் பரவின. ‘கோ’ என்றால் கோயம்புத்தூர்.

அந்தக் கரும்பு நிலையத்தில் 1930களில் வேலை பார்த்தவர் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள். படித்தது நம் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும். பாடம் நடத்தியது மகளிர் கிறிஸ்துவக் கல்லூரியில். பிறகு அமெரிக்கா போய் மிச்சிகனில் டாக்டர் பட்டம் வாங்கினார். பயிர்களின் குரோமோசோம்களை ஆராய்ந்த அந்த அம்மாள், வயதான காலத்தில் சைலண்ட் வேலி மழைக்காட்டில் அணை கட்டக் கூடாது என்று குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரியில் மதுரவாயலில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் சைலண்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

கல்லூரி 1920இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1940களின் நடுப்பகுதி வரை தென்னிந்தியா முழுமைக்கும் இது ஒன்றுதான் வேளாண்மைக் கல்லூரி. எம்.எஸ். சுவாமிநாதன் படித்ததும் இங்கேதான். 1965இல் மதுரையில் இரண்டாவது கல்லூரி வந்தது. இரண்டையும் சேர்த்து 1971 ஜூன் 1ஆம் தேதி தனிப் பல்கலைக்கழகம் பிறந்தது. அமெரிக்காவில் அரசு நிலம் கொடுத்து வளர்த்த விவசாயப் பல்கலைக்கழகங்கள்தான் இதற்கு முன்மாதிரி. ஒரே ஊரில் உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் பாடம் சொல்லாமல், விவசாயி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்பது அதன் அடிப்படை. சைதாப்பேட்டையில் பட்ட பாடத்தைப் பார்த்தால் இது எவ்வளவு சரி என்று புரியும்.

தமிழ்நாட்டை ஏழு வேளாண் மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒன்று மலை மண்டலம். இன்னொன்று கன்னியாகுமரியின் அதிக மழை மண்டலம். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, தடியன்குடிசை, பேச்சிப்பாறை என்று மலையிலும் மலையடியிலும் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. தோட்டக்கலைக்குப் பெரியகுளம். காட்டுக்கென்றே மேட்டுப்பாளையம். வனவியல் பட்டப் படிப்பு 1985இல் தொடங்கி, பிறகு நீலகிரி அடிவாரத்தில் தனி வளாகமாக அமைந்தது.

எங்கள் காலத்தில் பையனுக்கு அக்ரி சீட் கிடைத்தது என்று சொன்னால், “ஏன், மெடிக்கல் கிடைக்கலையா?” என்று துக்கம் விசாரிப்பார்கள். வனவியல் என்றால் கேட்கவே வேண்டாம். “காட்டுல போய் என்ன பண்ணப் போறான்?” என்பார்கள். மேட்டுப்பாளையத்தில் என்ன பண்ணுகிறார்கள் என்றால், காகித ஆலைக்கும் பிளைவுட் ஆலைக்கும் தேவையான மரத்தை விவசாயி தன் வயலிலேயே வளர்க்க வழி செய்கிறார்கள். நல்ல கன்று, ஆலையோடு ஒப்பந்தம், விலைக்கு உத்தரவாதம். மரம் பட்டா நிலத்திலிருந்து வந்தால் காட்டின் மேல் கோடாரி விழாது என்பது கணக்கு.

கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் சவுக்குத் தோப்பு சோலைக்காடு ஆகாது. தோப்பை ஐந்தாறு வருஷத்தில் வளர்த்துவிடலாம். சோலைக்காட்டை நம் பேரப்பிள்ளைகளின் ஆயுசிலும் முழுசாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் மழைக்காட்டில், நாட்டு மரக்கன்றுகளை நட்டுப் பல ஆண்டுகளாகச் சிலர் மீட்டெடுத்து வருகிறார்கள். அந்தப் பொறுமையான வேலைக்கு ஆள் தயார் செய்வதும் இந்தப் பல்கலைக்கழகத்தின் கடமை என்பது என் அபிப்பிராயம். மரம் விற்பனைக்கு வரும், காடு வராது. சந்தை கேட்காததையும் சொல்லிக்கொடுக்கத்தானே அரசுப் பணத்தில் பல்கலைக்கழகம் நடத்துகிறோம்?

கோடம்பாக்கத்துக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பவானி ஆறு நீலகிரி உச்சியில் பிறந்து, கேரளத்து அட்டப்பாடி வழியாகச் சுற்றி, மேட்டுப்பாளையத்தைத் தொட்டுக்கொண்டு போய்க் காவிரியில் சேர்கிறது. காவிரித் தண்ணீர் கொள்ளிடம் வழியாக வீராணம் ஏரியை நிரப்புகிறது. 2004 முதல் வீராணம் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்கு வருகிறது. சோலைக்காடு பஞ்சு மாதிரி மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சொட்டுச் சொட்டாக விடுவதால்தான் அந்த ஓடைகள் வற்றாமல் ஓடுகின்றன. நாம் காலையில் குழாயைத் திறந்து பிடிக்கும் குடத்தில் அந்த மலையின் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

உங்கள் வீட்டில் பிளஸ் டூ முடித்த பேரனோ பேத்தியோ வனவியல் படிக்கிறேன் என்று சொன்னால், துக்கம் விசாரிக்காதீர்கள். மேட்டுப்பாளையம் போய் வர ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. டிக்கெட் எடுத்துக் கொடுங்கள்.