தறியிறையிலிருந்து கூட்டிய மதிப்பு வரை: செட்டியார்பட்டித் துணியின் வரிக்கணக்கு

இராஜபாளையம் வட்டத்தில் தளவாய்புரத்தை ஒட்டிய செட்டியார்பட்டிப் பேரூர், நெசவையும் நைட்டி முதலிய ஆயத்த ஆடைத் தையலையும் நம்பி வாழும் ஊராதலால், துணிக்கு அரசு எந்த இடத்தில் வரி கேட்டது என்பது அதன் தொழில் வரலாற்றின் உயிரான பகுதியாகும். சோழர் கல்வெட்டுகள் கூறும் தறியிறை நெசவுக் கருவியின் மீதே விழுந்தது. கம்பெனி ஆட்சியில் மோதுர்ப்பா என்ற தொழில்வரியும் அவ்வழியையே பின்பற்றியதால், நெய்த சேலை விலைபோகாத காலத்திலும் தறிக்குரியவர் வரிக்குத் தப்பவில்லை.

கருவியை விட்டு விற்பனையைப் பிடித்தது 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுசெய்ய இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த இச்சட்டம், ஆண்டு விற்றுமுதல் 20,000 ரூபாயைத் தாண்டிய வணிகரிடம் தொடக்கத்தில் அரை விழுக்காடு கேட்டது. விகிதம் சிறிதே, ஆயினும் ஒரே சரக்கு கைமாறும்தோறும் வரி விழுந்து, முந்தைய வரியும் விலைக்குள் புகுந்து, வரியின் மீதே வரி ஏறியது. 1957இல் துணிக்கான விற்பனை வரிக்கு மாற்றாக மத்திய அரசின் கூடுதல் கலால் வரி வந்தது.

அடுக்கு வரியை நீக்கும் வழியை 1954இல் பிரான்சின் வரி அதிகாரி மோரிஸ் லோரே வகுத்தார்: ஒருவர் தாம் கூட்டிய மதிப்புக்கு மட்டும் வரி செலுத்தினால் போதும். தமிழகத்தில் இம்முறை மதிப்புக் கூட்டு வரி என்னும் பெயரில் 2007 சனவரி 1இல் நடைமுறைக்கு வந்தபோதும், துணிக்கு விலக்கு நீடித்ததால், நூலுக்குச் செலுத்திய வரியைத் தறிக்காரர் கழித்துக்கொள்ள முடியவில்லை. அது துணியின் விலைக்குள் மறைந்து தையற்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. சங்கிலி நடுவில் அறுந்த வரியை முழுமையான மதிப்புக் கூட்டு வரி எனல் பொருந்தாது.

2017 சூலை 1இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரி துணியையும் சங்கிலிக்குள் சேர்த்தது. தைப்பவர் 120 ரூபாய்க்குத் துணி வாங்கும்போது ஐந்து விழுக்காடாக 6 ரூபாய் வரி கொடுக்கிறார். வரி நீங்கலாக 200 ரூபாய் மதிப்புள்ள நைட்டியை விற்கும்போது 10 ரூபாய் சேர்த்து 210 ரூபாய்க்குப் பில் போடுகிறார். முன்பு கொடுத்த 6 ரூபாய் உள்ளீட்டு வரி வரவாகக் கழிய, அரசுக்கு அவர் கட்டுவது 4 ரூபாய். அவர் கூட்டிய மதிப்பான 80 ரூபாய்க்கு ஐந்து விழுக்காடும் அதுவே. 210 ரூபாயிலிருந்து வரியைப் பிரிக்க வேண்டுமாயின் அதனை 105ஆல் வகுத்து 5ஆல் பெருக்க வேண்டும். 210க்கே ஐந்து விழுக்காடு கண்டால் 10.50 என்று வந்து அரை ரூபாய் பிசகும். பிரித்த 10 ரூபாயில் பாதி மாநிலத்துக்கும் பாதி மத்திய அரசுக்கும் உரியது.

கணக்கு நேர்மையானதே. எனினும் துணி விற்றவர் தம் பில்லை உரிய முறையில் பதிவேற்றினாலன்றி அந்த 6 ரூபாய் வரவாக ஏற்கப்படுவதில்லை. தறியிறைக் காலத்தில் தம் வீட்டுத் தறிக்கு மட்டுமே பொறுப்பேற்ற ஊர், இன்று முன்பின் அறியாத வணிகரின் கணக்கேட்டையும் நம்பித் தைக்க வேண்டியிருக்கிறது.