அடைத்த மூக்கும் சிட்னியில் பிறந்த காற்று மெஷினும்

இந்த வாரம் குரல் கரகரன்னு இருக்கும், பொறுத்துக்குங்க. மைக்கில் கோளாறு இல்லை, சளி. மார்கழி பிறந்ததிலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் பாதிப் பேருக்கு இதே கதைதான். கல்லணை பற்றிய அடுத்த பகுதியைப் பேசறதா இருந்தேன். அதுக்குப் படிக்க வேண்டியது நிறைய, தலையோ கல்லு மாதிரி கனக்குது. அதனால என் கட்டில் பக்கத்துல இருக்கிற ஒரு சாமானோட வரலாற்றைச் சொல்றேன்.

சி-பேப் மெஷின். 2017லிருந்து ராத்திரி இதை மாட்டிக்கிட்டுத்தான் தூங்கறேன். எனக்கு இருக்கிறது ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு வழியை அடைச்சிடும். பத்து விநாடி, இருபது விநாடி, சமயத்துல அதுக்கும் மேல மூச்சே இருக்காது. அப்புறம் மூளை பதறிப்போய் எழுப்பிவிட, ஒரு பெரிய குறட்டையோட மூச்சு திரும்பும். எழுந்தது நமக்கு ஞாபகமே இருக்காது. காற்று இறங்கின சைக்கிள் ட்யூப் உள்ளுக்குள்ள ஒட்டிக்கும் இல்லையா, பம்ப் அடிச்சா விரிஞ்சுக்கும். இந்த மெஷின் ராத்திரி முழுக்க தொண்டைக்கு அந்த பம்ப் வேலையைத்தான் செய்யுது.

சரி, சளி பிடிச்சு மூக்கு அடைச்ச ராத்திரியில இதை மாட்டறதா, கழட்டி வெக்கிறதா? மெஷின் வாங்கினவங்க எல்லாருக்கும் முதல் சளியிலேயே வர்ற கேள்வி இது. அதுக்கான பதில் மெஷின் பிறந்த கதையிலேயே இருக்கு.

எங்க அப்பா குறட்டை பிரசித்தம். அறுப்புக் காலத்துல களத்துமேட்டுல நெல்லுக்குக் காவல் படுப்பார். "அண்ணன் குறட்டைக்கு நரி கூட வராது" என்று சித்தப்பா சொல்வார். நடுவுல சத்தம் நின்னு போகும். நாங்க சின்னப் பசங்க விரல் விட்டு எண்ணுவோம், விளையாட்டா. அவர் 58 வயசுல தூக்கத்திலேயே போனார். நல்ல சாவுன்னு ஊரே சொல்லுச்சு. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்.

ஊரைக் குறை சொல்ல முடியாது. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, மருத்துவத்துக்காகவே தன்வந்திரி மகால் வைத்து நடத்தினவர். அந்த மரபில் வந்த சரபேந்திர வைத்திய முறைகளை சரசுவதி மகால் நூலகம் வரிசையாகப் பதிப்பித்திருக்கிறது. அதில் காசத்துக்கும் சுவாசத்துக்கும் என்றே ஒரு புத்தகம் உண்டு. இருமலுக்கும் இளைப்புக்கும் தனிப் புத்தகமே இருந்த ஊர் இது. ஆனா ஆழ்ந்து தூங்கறவன் குறட்டை விடுவான், அதுல என்ன நோய் என்றுதான் இங்கே மட்டுமில்லை, உலகம் முழுக்க நினைச்சாங்க. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றதைக் கருவி வைத்துப் பதிவு பண்ணி, மேல்மூச்சுக் குழாய் அடைபடுறதோட சேர்த்து எழுதினது 1965ல்தான், பிரான்சிலும் ஜெர்மனியிலும் தனித்தனியாக.

நோய் தெரிஞ்சுது, வைத்தியம்? தொண்டைக்குக் கீழே கழுத்தில் ஓட்டை போட்டு ஒரு குழாயைச் செருகுறது. ட்ரக்கியாஸ்டமி. அடைப்பு மேலே இருக்கு, மூச்சு கீழ்வழியா போகட்டும் என்ற கணக்கு. பலன் நிச்சயம் இருந்தது. ஆனா கழுத்துல ஓட்டையோட வாழணும். நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் அந்த ஓட்டையோட நடவு வயலில் இறங்கி நிற்கிறதை நினைச்சுப் பாருங்க.

1980 ஜூன் மாதம், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம். காலின் சல்லிவன் என்ற மருத்துவரிடம் வந்த நோயாளி ஒருத்தருக்கு அந்த ஆபரேஷனைத்தான் சொன்னார்கள். அவருக்கு அதில் இஷ்டமில்லை, வேற வழி இருக்கான்னு கேட்டார். சல்லிவன் அதுக்கு முன்னால கனடாவில் தூங்கும் நாய்களின் சுவாசத்தை ஆராய்ந்தவர். நாய் மூஞ்சிக்கு மாஸ்க் செய்து பழக்கம். வாக்குவம் கிளீனர் மோட்டாரை உறிஞ்சுறதுக்குப் பதில் ஊதுற பக்கம் பயன்படுத்தி, ஒரு குழாய் வழியா அந்த மனிதரின் மூக்குக்குள் காற்றைச் செலுத்தினார். அழுத்தம் ஏறினதும் அடைப்பு விட்டது. குறைத்தால் மறுபடி அடைத்தது. ராத்திரி முழுக்க அவர் தூங்கினார். அடுத்த வருஷம், 1981ல், ஐந்து நோயாளிகளைப் பற்றி லான்செட் இதழில் கட்டுரை வந்தது. ஆரம்ப காலத்து மாஸ்க்கை மூக்குக்கு அச்சு எடுத்துச் செய்து, தினம் ராத்திரி சிலிக்கான் பசை போட்டு முகத்தில் ஒட்டினார்கள். பெரிய மீசைக்காரர்கள் அதை எப்படிச் சமாளிச்சாங்களோ!

இதுல ஒண்ணைக் கவனிக்கணும். சல்லிவன் தேர்ந்தெடுத்த வழி மூக்கு. மூக்கு வழியா போற காற்று மென்அண்ணத்தை முன்னால தள்ளி நாக்கோட சேர்த்து வைக்கும், தொண்டையும் திறந்திருக்கும். ரொம்ப கெட்டிக்கார வழி. ஆனா மொத்த வைத்தியமும் இரண்டு சின்ன துவாரத்தை நம்பி நிக்குது. அது அடைச்சா? தூக்கத்தில் வாய் திறந்துக்கும், மூக்குல போற காற்று வாய் வழியா வெளியே கொட்டும். 1996ல் சல்லிவன் குழுவே இதை அளந்து பார்த்தது. அப்படி ஒரே திசையில் காற்று ஓடினா மூக்கின் உள்தோல் காய்ஞ்சு வீங்கி, அடைப்பு இன்னும் கூடுது. உள்ளே போற காற்றை வெதுவெதுப்பா, ஈரமா கொடுத்தா அதைப் பெருமளவு தடுக்கலாம். இன்னைக்கு மெஷினுக்குள்ள இருக்கிற தண்ணி டப்பாவும், அதைச் சூடாக்குற தட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது இந்தப் பிரச்சினைக்காகத்தான். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுற பெரிய மாஸ்க்குக்கும் அதே காரணம்.

எனக்கு இது புரிஞ்சது 2018 நவம்பரில். 16ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. ஒரத்தநாடு பக்கத்துல எங்க கிராமத்துல தென்னை ஒண்ணு மேல ஒண்ணா விழுந்து கிடந்தது, கரண்ட் கம்பம் ஒண்ணுகூட நேரா நிக்கல. மழையில நனைஞ்சு எனக்கு நல்ல சளி. வீட்டு இன்வெர்ட்டரில் மிச்சம் இருந்த சார்ஜில் மெஷினை ஓட்டினேன். சூடாக்குற தட்டுதான் பாட்டரியைக் குடிக்கும். அதை அணைச்சா மெஷின் கூடுதல் நேரம் ஓடும், ஆனா காய்ஞ்ச காற்று அடைச்ச மூக்கை இன்னும் அடைக்கும். அணைச்சேன். நடுராத்திரியில் மூக்கு சுத்தமா மூடிப்போச்சு, மாஸ்க்கைப் பிடுங்கி எறிஞ்சேன். அடுத்த நாள் பாட்டரியும் தீர்ந்தது. அதுக்கப்புறம் ராத்திரியில என் மனைவி மெழுகுவர்த்தியை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. சத்தம் நின்னா எண்ணுவாளாம். இருபதைத் தாண்டினா தோளைப் பிடிச்சு ஒருக்களிச்சுத் தள்ளுவாளாம். அவ சொன்னப்போதான் களத்துமேட்டுல நாங்க எண்ணினது எனக்கு உறைச்சுது. எங்க தெருவுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கு ஆச்சு.

இப்ப சளின்னா நான் மெஷினைக் கழட்டறதில்லை. கழட்டின அதே ராத்திரி ஆப்னியா திரும்பி வந்துடும், சளி போகட்டும்னு அது காத்திருக்காது. படுக்கிறதுக்கு முன்னால நொச்சி இலை போட்டு ஆவி, உப்புத் தண்ணி ஸ்ப்ரே, தலைமாட்டுல இன்னொரு தலையணை, ஈரத்தின் அளவு ஒரு படி கூட. மூக்கு ஒரேயடியா அடைச்சா பெரிய மாஸ்க். வாந்தி வர்ற மாதிரி இருந்தா மட்டும் அதை மாட்டறதில்லை. அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து மூணு நாளுக்கு மேல போடாதீங்க, விட்டதும் அடைப்பு அதிகமா திரும்பும். தூக்கம் வரவழைக்கிற இருமல் மருந்து ஆப்னியாவை மோசமாக்கலாம், டாக்டரைக் கேட்டுட்டுக் குடிங்க. காது வலி, காய்ச்சல், நெஞ்சு இறுக்கம் இருந்தா நேரா ஆஸ்பத்திரி. மாஸ்க்கையும் தண்ணி டப்பாவையும் தினமும் சோப்புத் தண்ணியில் கழுவணும். டப்பாவுக்கு போர் தண்ணி ஊத்தாதீங்க, ஒரு வாரத்துல வெள்ளையா உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டர்தான்.

ரெக்கார்டிங் முடிக்கும்போது மணி பத்தரை. உள்ளே நொச்சி கொதிக்கிற வாசனை வருது, கூப்பிடுறாங்க. கல்லணை அடுத்த வாரம்.