நடுகல்லும் புகழ் மண்டபமும்

வீரர்க்குக் கல் நடும் மரபைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறாக வகுக்கும். ஆநிரை மீட்கப் பொருது மாண்டவர்க்கும் கல் எழுந்தது. ஆங்கு ஆற்றிய செயலே அளவுகோல், முடிவு அன்று.

ஓய்வு பெற்ற பந்தாட்டக்காரருள் புகழ் மண்டபத்திற்கு உரியவர் யாவர் என்னும் வழக்கினையும் இம்மரபு தெளிவுறுத்தும். பினாங்கின் நமாட் அப்துல்லா, ஷாருடின் அப்துல்லா ஆகியோர் 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஆடியவர்கள். அவ்வணி மேற்கு ஜெர்மனியிடமும் மொராக்கோவிடமும் தோற்றது. அமெரிக்காவை 3-0 என வென்றது. எனினும், மலேசிய ஒலிம்பிக் மன்றம் 2004இல் அவ்வணி முழுவதையும் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்தது. இரு தோல்விகள் அதற்குத் தடையாகவில்லை.

அங்ஙனமாயின், 1980ஆம் ஆண்டு அணியின் நிலை யாது? சோ சின் ஆன் தலைமையில், ஆர். ஆறுமுகம் இலக்குக் காக்க, அவ்வணி தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்தமையால் மலேசியா அவ்விழாவைப் புறக்கணித்தது. ஆட்டக்காரர் குறையால் வந்த இழப்பு அன்று இது.

ஒலிம்பிக் திடலில் கால் பதித்தோரை மட்டுமே எண்ணுவது எளிய கணக்கு. ஆயினும் கல் நட்ட முன்னோர் கணக்கு வேறு. தகுதியை ஈட்டிய செயல் 1980இல் நிறைவுற்றது, வாய்ப்பே பறிபோயிற்று. அச்செயலையும் நிறுத்துப் பார்க்கும் மண்டபமே புகழ் மண்டபம் என்னும் பெயருக்கு உரியது.