பிளாப்பியில் வந்த பக்கவாத்தியம்

மேடையில் இருப்பது ஐந்து பேர். காதில் விழுவதோ நாற்பது பேர் வாசிப்பு. கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வட்டாரத்துத் தோட்டத் திருவிழா மேடையில் இந்த முப்பத்தைந்து பேர் வேலையையும் பார்ப்பது கீபோர்டுக்காரர் கொண்டுவரும் 'டிராக்'. மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்ட தென்னமரம் தோட்டம் (1917) இங்கேதான் இருக்கிறது. அந்தச் செம்பனை மரத்தைப் போலவே டிராக்கும் கடல் கடந்து வந்து வேர்விட்டது.

அதற்கு வழி திறந்தது 1983-இல். அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ காகேஹாஷியும் முன்னின்று வடித்த 'மிடி' முறையில், இரு வேறு நிறுவனங்களின் கீபோர்டுகள் ஒரு கம்பி வழியே பேசிக்கொண்டன. அந்தக் கம்பியில் ஒலி போவதில்லை, கட்டளைதான் போகிறது: எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விடுவது, எந்த டோன் (வாத்திய ஒலி). அதனால் ஒரு முழுப் பாட்டும் சில பத்து கிலோபைட்டில் அடங்கிவிடும். 1.44 மெகாபைட் பிளாப்பி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் ஓர் இரவுக் கச்சேரிக்குப் போதும்.

தமிழ்ப் பாட்டும் அதே காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினி வழி இசை சேர்த்தார். 1992-இல் 'ரோஜா' படம் வந்தது. அதன்பின் வந்த பாட்டுகளை ஆர்மோனியம், தபேலா, பாங்கோஸ் மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தால் கேட்பவருக்குப் பாதிப் பாட்டுதான் கிடைக்கும். வானொலியில் கேட்டது மேடையிலும் வேண்டும் என்று ஊர் கேட்டது. டிராக் வந்தது.

வந்ததற்குத் தமிழ் தெரியாது. 1991-இல் வகுக்கப்பட்ட 'ஜெனரல் மிடி' பட்டியலில் இருப்பவை 128 டோன்கள். 105-ஆவது சித்தார், 112-ஆவது ஷெனாய். நாதஸ்வரம் கிடையாது. தாளத்துக்கென ஒதுக்கிய பத்தாவது சேனலில் காங்கோ, பாங்கோ, மராக்காஸ் எல்லாம் உண்டு. தவிலும் தபேலாவும் இல்லை. நம் வாசிப்பாளர்கள் ஷெனாயை எடுத்துக்கொண்டு, இடது கையால் பிட்ச் வீலை வளைத்து கமகம் பிடித்தார்கள். அந்த வீல் வழக்கமாக இரண்டு அரைச்சுரம்தான் வளையும். நாதஸ்வரத்தின் நீண்ட இழைப்புக்கு அது போதாது. அளவைக் கூட்டி வைத்தாலோ சுருதி நழுவாமல் நிறுத்துவது பெரும்பாடு. இந்த இடது கைப் பயிற்சியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அது தனி வித்தையாகவே படுகிறது. பின்னால் இந்திய டோன்களோடு கீபோர்டுகள் கடைக்கு வந்தபோதும் அந்தக் கைக்குத்தான் மதிப்பு.

மிடி டிராக்கிடம் ஒரு பெருந்தன்மை இருந்தது. பாடும் தங்கை தொண்டை கட்டி, "அண்ணே, அரைக் கட்டை இறக்குங்க" என்றால் ஒரு பொத்தானில் இறங்கும். வேகத்தைக் குறைத்தாலும் சுருதி அசையாது. தபேலாக்காரர் வந்துவிட்டாரா? அந்தச் சேனலை அடைத்துவிட்டு அவருக்கு இடம் விடலாம். பிளாப்பி போய் பென் டிரைவ் வந்தபோது கூடவே எம்பி3 வந்தது. ஒலி அசல் ஸ்டூடியோ ஒலி, ஆனால் எல்லாம் ஒரே கட்டியாக இறுகிய ஒலி. தபேலாவை மட்டும் எடுக்க அப்போது வழியில்லை. வாசிக்க வந்தவர் டிராக்கோடு சேர்ந்து தட்டினார், அல்லது சும்மா உட்கார்ந்தார். வசதி என்ற பெயரில் மேடையிலிருந்து ஆட்களை இறக்கிய மாற்றம் இதுதான் என்பேன். மிடி வந்தபோது குறைந்தவர்களை விட எம்பி3 வந்தபின் குறைந்தவர்கள் எனக்கு அதிகம் வலிக்கிறார்கள்.

டோன் மாற்றுவதிலும் ஒரு கணக்கு உண்டு. நீண்ட ஸ்ட்ரிங்ஸ் ஒலித்துக்கொண்டிருக்கும்போது பொத்தானை அழுத்தினால் பழைய கீபோர்டுகளில் அது வெட்டுப்பட்டு நிற்கும். அதனால் பல்லவி முடிந்து மூச்சு விடும் இடத்தில்தான் மாற்ற வேண்டும். அல்லது கட்டைகளைப் பிரித்து, இடப்பக்கம் ஸ்ட்ரிங்ஸ், வலப்பக்கம் புல்லாங்குழல் என்று ஒரே பேட்ச்சில் (சேமித்து வைக்கும் டோன் அமைப்பில்) வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டு வரிசைப்படி டோன்களை அடுக்கி வந்தவருக்குத் தோட்ட மேடையில் நிம்மதி கிடையாது. கோயில் தலைவர் கேட்டார் என்று துண்டுச் சீட்டு வரும், பத்தாவது பாட்டு மூன்றாவதாகும். அனுபவசாலிகள் வரிசையை நம்பாமல் பாட்டின் பெயரிலேயே பேட்ச்சைச் சேமிக்கிறார்கள். கீழே ஒரு காகிதம்: பெயர், எண், கட்டை.

இப்போது டிராக் மடிக்கணினியில் இருக்கிறது. இடது சேனலில் இசை, வலது சேனலில் டிரம்ஸ்காரர் காதுக்கு மட்டும் 'கிளிக்'. இரண்டு கம்பிகள் இடம் மாறிச் செருகப்பட்டால் கிளிக் ஊருக்கே கேட்கும். ஆகவே கம்பிகளில் வண்ண டேப் ஒட்டுகிறார்கள். ஜெனரேட்டர் மின்சாரம் தடுமாறினாலும் மடிக்கணினி தன் பேட்டரியில் ஓடும், கீபோர்டு மட்டும் அணைந்து திரும்ப எழ நேரம் பிடிக்கும். நல்ல செய்தியும் உண்டு. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனி டிராக்காக வைத்து ஓட்டும் மென்பொருள்கள் வந்துவிட்டன. மிடியில் இருந்த, எம்பி3-இல் தொலைந்த அந்த வசதி திரும்பிவிட்டது. பெஸ்தாரி ஜெயாவில் தபேலா வாசிக்கும் பையன் ஒருவன் இருந்தால், அவன் டிராக்கை அடைத்துவிட்டு அவனை மேடைக்குக் கூப்பிடலாம்.