செவிக்கு இனியதே இசையா?

செவிக்கு இனியது இசை, இன்னாதது இரைச்சல் என்று கருதியே நாம் பழகிவிட்டோம். இக்கருத்து யாருக்கு வசதியானது என்பதை நம் மண்ணோடு தொடர்புள்ள ஒரு பாடகியின் வரலாறு காட்டுகிறது.

எம்.ஐ.ஏ. என்னும் பெயரால் உலகறிந்த மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் இலண்டனிற் பிறந்தார். கைக்குழந்தையாய் யாழ்ப்பாணம் வந்து, பிள்ளைப் பருவத்தை இங்கே கழித்தார். போரின் நெருக்குதலால் 1986இல் தாயோடும் உடன்பிறந்தோரோடும் அகதியாக இலண்டன் மீண்டார். முதலாவது இசைத் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரை இட்டார்: 'அருளர்' (2005). இரண்டாவதற்குத் தாயின் பெயர்: 'கலா' (2007). தமிழகத்து உறுமி மேளம் அதில் முழங்கிற்று. அதிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' 2008இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் நான்காம் இடத்தை எட்டியது. அகதியின் ஓசையை உலகம் ஆடிக் களித்து வரவேற்றது.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த மூன்றாவது தொகுப்புக்குத் தம் பெயரையே சூட்டினார்: 'மாயா'. ஆட்டத்துக்குரிய தாளம் பின்வாங்க, துளைபொறியின் ஓசையும் உலோக இரைச்சலும் முன்வந்தன. 'போர்ன் ஃபிரீ' பாடலுக்கான ஒன்பது நிமிடப் படம், செம்முடி உடையோர் என்பதற்காகவே மனிதரைப் படையினர் பிடித்துச் சென்று கொல்வதைக் காட்டிற்று. யூடியூப் தளம் அதற்குத் தடைகள் விதித்தது. முன்பு பாராட்டிய விமரிசகருட் பலர் முகஞ்சுளித்தனர்.

காலம் வேறு தீர்ப்பு வழங்கியது. இணையத்தில் நாம் இடுவன அரசின் கைக்குச் செல்லும் என்று அத்தொகுப்பின் முதற்பகுதி எச்சரித்திருந்தது; 2013இல் எட்வேர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அவ்வச்சம் வீணன்று எனக் காட்டின. அதே ஆண்டு கான்யே வெஸ்டின் 'யீசஸ்' அத்தகைய கரடுமுரடான ஒலிகளோடு வந்து புகழ்பெற்றது. 'மாயா' காலத்தை முந்தி வந்தது என விமரிசகர் பலர் பின்னர் ஒப்பினர்.

அவருடைய அரசியற் கூற்றுகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும், மேலைநாட்டாரைக் குறைகூறுமுன் நம் செவியையும் சோதிப்பது நேர்மை. செத்தவீட்டுப் பறையை இசையென நாம் மதித்தோமா? அதனை முழக்கியவரைப் படலைக்கு வெளியே நிறுத்திய சமூகமன்றோ நமது? ஒப்பாரியை நாட்டார் பாடலென வகுப்பிற் கற்பிக்கிறோம்; அதை அழுது பாடிய பெண்களின் வாழ்வைப் பற்றி மாணவரிடம் பேசுகிறோமா?

துன்புற்றோர் இனிமையாகவே பாடவேண்டுமென எதிர்பார்ப்பது துன்பமறியாதோரின் வழக்கம். பறையையும் ஒப்பாரியையும், இந்தப் பொறியோசையையும் சேர்த்தே நம் இசை வரலாறு எழுதப்படல் வேண்டும்.