சுண்ணாம்பு ஏன் கொதிக்குது? கல்லுக்குள்ள போன சூட்டோட வரலாறு

"கண்ணுல சுண்ணாம்பு பட்டுருச்சுங்க சார். தண்ணி ஊத்துனா கொதிக்கும்னு சொன்னாங்க, அதான் ஊத்தாம அப்படியே கூட்டிட்டு வந்துட்டோம்."

கொங்குப் பக்கம் அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டில இருக்கிற டாக்டர்களுக்கு இது புது வசனம் இல்லை. இந்தப் பயம் முட்டாள்தனமும் இல்லைங்க. அதுக்குப் பின்னாடி உண்மையான வேதியியல் இருக்கு, ஆனா பாதிதான் இருக்கு. மீதிப் பாதியைச் சொல்லணும்னா கொஞ்சம் வரலாறு பேசணும். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

நம்ம ஊர்ல இருந்தே ஆரம்பிப்போம். கோயமுத்தூர்ல இருந்து பாலக்காடு ரோட்டுல போனா மதுக்கரை. அங்க 1930கள்ல சிமெண்ட் ஆலை வந்ததுக்குக் காரணம் பக்கத்துலயே கிடைச்ச சுண்ணாம்புக்கல். ஆலை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கொங்கு நாட்டுக்காரங்களுக்குச் சுண்ணாம்பு பழக்கம். மேட்டாங்காட்டைக் கொஞ்சம் தோண்டுனாலே சுக்காங்கல் வரும். அதைப் பொறுக்கி, விறகோ கரியோ அடுக்கி, காளவாய்ல சுடுவாங்க. பழைய தொட்டிக்கட்டு வீட்டுச் சுவர்ல கைவெச்சுப் பாருங்க, கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கும். சுண்ணாம்புச் சாந்தோட கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்த்துப் பூசுன வேலை அது.

காளவாயோட பழைய பேர் நீற்றறை. அப்பர் சுவாமிகளை ஏழு நாள் நீற்றறைக்குள்ள அடைச்சு வெச்சாங்கன்னு 12ம் நூற்றாண்டுப் பெரியபுராணம் சொல்லுது. சுண்ணாம்புக்கல் முழுசா வேகணும்னா ஏறக்குறைய 900 டிகிரி சூடு வேணும். அந்தத் தண்டனை எவ்வளவு கொடூரம்னு இந்த எண்ணை வெச்சு யோசிச்சுப் பாருங்க.

காளவாய்ல இருந்து வர்ற கல் பார்க்க அதே கல்தான். கையில எடுத்தா மட்டும் லேசா இருக்கும். அது மேல தண்ணி தெளிச்சா சீறும், வெடிக்கும், ஆவி பறக்கும், கடைசியில வெள்ளை மாவா உதிரும். இதுதான் நீத்துறது. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, பச்சைத் தண்ணிதான் ஊத்துறோம். அப்புறம் இந்தச் சூடு எங்க இருந்து வருது?

18ம் நூற்றாண்டு ஐரோப்பாவுல பெரிய படிப்பாளிகள் பலர் சொன்ன பதில்: நெருப்போட துகள்கள் கல்லுக்குள்ள புகுந்து உக்காந்துக்குது, அதனாலதான் சுட்ட சுண்ணாம்பு நாக்கைச் சுடுது, தண்ணி பட்டா நெருப்பு வெளிய வருது. கேக்க நியாயமாத்தான் இருக்கு, இல்லையா?

இதை உடைச்சது ஒரு மருத்துவ மாணவர். பேரு ஜோசப் பிளாக், ஊரு எடின்பரோ. அந்தக் காலத்துல சிறுநீர்ப்பைக் கல்லுக்குச் சுண்ணாம்புத் தண்ணியைத்தான் மருந்தாக் குடிக்கக் கொடுத்தாங்க. (இன்னிக்கு யாரும் முயற்சி பண்ணிடாதீங்க.) அவரோட பேராசிரியர்கள் ரெண்டு பேருக்குள்ள சண்டை. ஒருத்தர் சிப்பிச் சுண்ணாம்புதான் சிறந்ததுன்னார், இன்னொருத்தர் கல்லுச் சுண்ணாம்புன்னார். நம்ம ஊர் கிளிஞ்சல் சுண்ணாம்பா கல்லுச் சுண்ணாம்பாங்கிற பேச்சேதான். பிளாக் புத்திசாலி. ரெண்டு வாத்தியாரையும் பகைச்சுக்காம, ஆய்வுக்கு மக்னீசியாவை எடுத்துக்கிட்டார். 1754ல மருத்துவப் பட்ட ஆய்வேடு, 1756ல சுண்ணாம்பையும் சேர்த்து விரிவான கட்டுரை.

அவர் பண்ணது ரொம்ப எளிமையான வேலை. தராசுல நிறுத்தார். நெருப்பு உள்ள போச்சுன்னா எடை கூடியிருக்கணும். ஆனா எடை குறைஞ்சுது. அப்ப உள்ள எதுவும் போகலை, ஏதோ ஒன்னு வெளிய போயிருக்கு. அது ஒரு காற்று. இன்னிக்கு நாம கார்பன் டை ஆக்சைடுங்கிறோம். சுண்ணாம்பு நாக்கைச் சுடுறதுக்குக் காரணம் உள்ள புகுந்த நெருப்பு இல்லை, அந்தக் காற்றை இழந்ததுதான்னு அவர் காட்டினார். ஸ்கூல்ல தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணிக்குள்ள ஸ்ட்ரா விட்டு ஊதுவோமே, பால் மாதிரி ஆகும்ல? அதே காற்று, நம்ம மூச்சுல.

இன்னிக்குத் தெரிஞ்ச கணக்குப்படி 100 கிராம் சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டா 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிராம் காற்றாப் போயிடும். சிமெண்ட் ஆலைகள் வெளியிடுற கார்பன் டை ஆக்சைடுல பாதிக்கு மேல எரிபொருள்ல இருந்து வர்றது இல்லை, இந்தக் கல்லுல இருந்தே வர்றது. மின்சாரத்துல சூளையை எரிச்சாலும் அது நிக்காது.

சரி, எடைக்கணக்கு முடிஞ்சுது. சூட்டுக்கணக்கு? நெருப்புத் துகள் இல்லைன்னா அந்தச் சூடு என்னதான்?

இதைத் தொட்டவரும் ஒரு டாக்டர்தான். ஜெர்மைன் ஹெஸ். ஜெனீவாவுல பிறந்து, சின்ன வயசுலயே ரஷ்யாவுக்குப் போனவர். மருத்துவம் படிச்சு சைபீரியாவுல இர்குட்ஸ்க்ல வைத்தியம் பார்த்தார், அப்புறம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல வேதியியலுக்கு வந்துட்டார். கந்தக அமிலத்துல தண்ணியைப் பல அளவுகள்ல கலந்து, பிறகு அம்மோனியா சேர்த்துச் சமன் பண்ணி, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு சூடு வருதுன்னு அளந்தார். முதல் படியில சூடு அதிகமா வந்தா ரெண்டாவது படியில குறைஞ்சுது. மொத்தம் மட்டும் மாறவே இல்லை. 1840ல வெளியிட்டார். பிளஸ் ஒன்ல ஹெஸ் விதின்னு மனப்பாடம் பண்ணோமே, அது. (அதே 1840ல ஜாவாவுக்குக் கப்பல்ல போன ராபர்ட் மேயர்ங்கிற டாக்டர், மாலுமிகளோட ரத்தத்தோட நிறத்தைப் பார்த்து ஆற்றல் அழியாதுங்கிற முடிவுக்குப் போனது தனிக் கதை. இன்னொரு த்ரெட்ல.)

ஹெஸ் விதியை மதுக்கரைக் கல்லுல போட்டுப் பாருங்க. 100 கிராம் கல்லைப் பிரிக்க காளவாய் கொடுக்க வேண்டிய சூடு சுமார் 178 கிலோஜூல். புத்தகத்துல வெப்பம் கொள் வினைன்னு இருக்கும். அந்த 56 கிராம் சுட்ட சுண்ணாம்பை நீத்தும்போது சுமார் 65 கிலோஜூல் திரும்பி வரும். இது வெப்பம் உமிழ் வினை. பிறகு அது சாந்தாகிச் சுவருக்குப் போகுது. காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி மறுபடியும் கல்லாகுது. அப்ப வர்றது சுமார் 113.

65-ம் 113-ம் கூட்டுங்க. 178.

காளவாய் கொடுத்தது பைசா பாக்கி இல்லாம திரும்பி வந்துடுச்சு. 65ஐ நிமிஷக் கணக்குல தருது, அதான் கொதிக்குது. 113ஐ சுவர் வருஷக்கணக்குல மெதுவாத் தருது, அதான் யார் கைக்கும் தெரியறதில்லை. தடிமனான பழைய சுவர்களோட உள்பக்கம் பல வருஷம் கழிச்சும் முழுசா கல்லாகாம இருக்கும். அதாவது அந்தக் காளவாயோட பாக்கிச் சூட்டை அது இன்னும் கொடுத்து முடிக்கலை. எனக்கு வேதியியல்ல ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். படிக்கிறப்ப யாராவது இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தா இன்னும் ரெண்டு மார்க் கூட வாங்கியிருப்பேன்.

65ங்கிறது சின்ன எண்ணாத் தெரியலாம். 1 கிலோ சுட்ட சுண்ணாம்புக்குக் கணக்குப் போட்டா, ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணியை 30 டிகிரில இருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோற சூடு. ஒரு லிட்டர்தான் ஊத்துனீங்கன்னா? சூடு போக இடம் இல்லாம கொதிச்சுத் தெறிக்கும். நாற்பது லிட்டர் ஊத்துனா தண்ணி வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். சூட்டோட மொத்தம் ஒன்னுதான், தண்ணியோட அளவுதான் வித்தியாசம்.

இப்ப கண்ணுக்கு வருவோம்.

வெத்தலைக்கு வெச்சிருக்கிற சுண்ணாம்பு, பாக்கெட் சுண்ணாம்பு, பதநீர்ப் பானையில தடவுறது, பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கரைச்சு வெச்ச பால், இது எல்லாமே ஏற்கனவே நீத்துனது. அந்த 65ஐ எப்பவோ கொடுத்து முடிச்சாச்சு. இதுல எவ்வளவு தண்ணி ஊத்துனாலும் கொதிக்காது. கண்ணைக் கெடுக்குறது சூடு இல்லை, காரம். அமிலம் பட்டா கண்ணோட மேல்புறப் புரதம் உறைஞ்சு ஓரளவுக்குத் தடுப்பா நிக்கும். காரம் அப்படி நிக்காது. கொழுப்பைச் சோப்பு மாதிரி கரைச்சுக்கிட்டு உள்ள உள்ள போகும். நீங்க வண்டி தேடுற ஒவ்வொரு நிமிஷமும் அது கருவிழிக்குள்ள இறங்கிட்டே இருக்கு. குழந்தைங்க சுண்ணாம்புப் பாக்கெட்டை அமுக்கி விளையாடும்போது அது வெடிச்சுக் கண்ணுல அடிக்கிறதுதான் இதுல ரொம்ப மோசம். ஆஸ்பத்திரியில நாங்க முதல்ல பண்றதும் கழுவுறதுதான். அதை நீங்க வீட்டுலயே ஆரம்பிச்சிருந்தா பல குழந்தைகளோட பார்வை தப்பிச்சிருக்கும்.

அதனால பட்ட அந்த நொடியே குழாய்த் தண்ணி, குடத்துத் தண்ணி, எது சுத்தமா பக்கத்துல இருக்கோ அது. இமையை விரலால திறந்து பிடிச்சு, குறைஞ்சது அரை மணி நேரம் விடாம கழுவுங்க. வண்டியில வரும்போதும் பாட்டில்ல ஊத்திட்டே வாங்க. தேய்க்கக் கூடாது. விளக்கெண்ணெய், தாய்ப்பால், எலுமிச்சை எதுவும் வேண்டாம். "காரத்துக்கு அமிலம்"னு எலுமிச்சை பிழியறது அங்கேயே இன்னொரு சூடு உமிழ்ற வினையை நடத்துற வேலை. மேல் இமைக்கு உள்ள ஒட்டியிருக்கிற துணுக்கை நாங்க இமையைப் புரட்டி எடுத்துக்கிறோம், நீங்க நோண்டாதீங்க.

நீத்தாத, காய்ஞ்ச சுட்ட சுண்ணாம்புத் தூள் உடம்புல பட்டா மட்டும் முதல்ல துணியால தட்டி விடுங்க. பிறகு தண்ணி, அதுவும் சொம்புல இல்லை, குழாயைத் திறந்து விட்டு. கொஞ்சமா ஊத்துறதுதான் ஆபத்து. அதே தூள் கண்ணுல விழுந்தா யோசிக்காம நேரா நிறையத் தண்ணி.

கலவை போடுறவங்களுக்கும் இதேதான். ஈர சிமெண்ட்லயும் இதே காரம் இருக்கு. முட்டி போட்டுத் தளம் பூசும்போது பேண்ட்டுக்குள்ள ஊறுனா முதல்ல எரியக்கூடச் செய்யாது, சாயங்காலம்தான் தோல் வெந்திருக்கிறது தெரியும். உடனே துணியைக் கழட்டிக் கழுவுங்க, வேலை முடியட்டும்னு காத்திருக்காதீங்க.