காவல் நாயிலிருந்து வீட்டு நாய் வரை: திருவண்ணாமலை வட்டாரத்தில் நாய் வளர்ப்பின் வரலாறு

திருவண்ணாமலை வட்டாரத்தில் மனிதனும் நாயும் சேர்ந்து வாழ்ந்த வரலாற்றுக்குப் பழமையான எழுத்துச் சான்றாக நிற்பது எடுத்தனூர் நடுகல். போரிலோ கால்நடையைக் காக்கும் பூசலிலோ உயிர்நீத்த வீரனின் உருவத்தைச் செதுக்கி, அவன் பெயரையும் செயலையும் பொறித்து ஊரார் நிறுத்தி வழிபட்ட கல்லே நடுகல் எனப்படும். செங்கம் பகுதியில் பல நூற்றாண்டுகளைச் சேர்ந்த இத்தகைய கற்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்தில் அவற்றைத் தொகுத்து 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. பாணர் குலத் தலைவனின் மருமகனான பொற்றொக்கையாரின் சேவகன் கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் இறந்துபட்டதையும், கோவிவன் என்னும் பெயருடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்துவிட்டுக் காவல் நின்றதையும் அது தெரிவிக்கிறது. வீரனின் உருவத்துக்கு அருகே நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது.

இக்கல்வெட்டில் கவனிக்கத்தக்கவை இரண்டு. ஒரு சேவகனின் நாய்க்குத் தனிப்பெயர் இருந்தது என்பதும், அரசனின் ஆட்சியாண்டு, தலைவனின் பெயர், வீரனின் பெயர் என்ற வரிசையில் அந்த நாயின் பெயரும் இடம்பெறத் தக்கதென ஊரார் கருதினர் என்பதும் ஒன்று. கோவிவன் இறந்ததாகக் கல்வெட்டு கூறவில்லை என்பது மற்றொன்று. நடுகல்லில் இடம்பெறுவதற்கு வழக்கமான தகுதி மரணம் என்றிருக்க, இந்த நாய்க்கு அந்த இடத்தைப் பெற்றுத் தந்தது, தன்னை வளர்த்தவன் வீழ்ந்த பின்னும் விலகாமல் நின்ற காவலே ஆகும்.

ஜவ்வாது மலைச் சரிவுகளுக்கும் தென்பெண்ணை ஆற்றுக்கும் இடைப்பட்ட அந்நிலத்தில் அக்காலச் செல்வம் பெரிதும் கால்நடையாகவே இருந்தது. பகைவரின் ஆநிரையைக் கவர்வதை வெட்சி என்றும், கவர்ந்ததை மீட்பதைக் கரந்தை என்றும் இலக்கண நூல்கள் வகுத்துக் கூறுமளவுக்குக் கால்நடைப் பூசல் வாழ்க்கையோடு கலந்திருந்தது. காட்டோரப் பட்டியில் இரவுக் காவல் இருந்தவனுக்கு, தன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தொலைவில் ஆள் வரும் அரவத்தையும் வாடையையும் முன்னதாகவே உணரும் நாய் இன்றியமையாத துணையாயிற்று. உலகெங்கும் மந்தை நாய்களை வளர்ப்போர், பால்குடி மறந்த குட்டியைக் கால்நடைகளுக்கு நடுவிலேயே விட்டு, முதிர்ந்த நாய்களோடு சேர்ந்து காவலைப் பழக வைப்பது வழக்கம். எடுத்தனூர்ப் பட்டியிலும் பயிற்சி இத்தகையதாகவே இருந்திருக்கக் கூடும். குட்டி வளரும் இடமே பள்ளியாகவும் அன்றாட வேலையே பாடமாகவும் அமைந்த முறை அது.

இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொரு சான்று கர்நாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டு. இன்றைய அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தில் 949ஆம் ஆண்டளவில் நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டான். இராட்டிரகூடர் பக்கம் நின்று வென்ற கங்க மன்னன் இரண்டாம் பூதுகன், தன் வீரன் மணலேரனிடம் வேண்டும் பரிசைக் கேட்குமாறு கூற, அவன் காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்த நாய் காட்டுப்பன்றி ஒன்றோடு பொருது, இரண்டும் ஒருசேர மாண்டபோது, அதன் நினைவாகக் கல் நாட்டி, நிலக்கொடை அளித்து, வழிபாட்டுக்கும் ஏற்பாடு செய்தான். கோவிவன் காவலுக்கும் காளி வேட்டைக்கும் வளர்க்கப்பட்டவை. இரண்டையும் வரலாற்றில் நிறுத்தியது அவை செய்த தொழில்.

தொழிலில் கிடைத்த இந்த மதிப்பு, வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் அப்படியே தொடரவில்லை. அருணாசலேசுவரர் கோயிலில் பிரம்ம தீர்த்தத்தை அடுத்துக் காலபைரவர் சன்னதி உள்ளது. சிவபெருமானின் உக்கிர வடிவமான பைரவருக்கு நாயே வாகனம், தேய்பிறை அட்டமி அவருக்குரிய வழிபாட்டு நாள். ஆயினும் சன்னதியில் வாகனமாக நிற்கும் அதே உயிர் கோயிலுக்குள் நுழைந்தால் தீட்டு எனக் கருதப்பட்டு, அதற்குரிய சாந்தி செய்வதும் வழக்கமாக இருந்தது. வீடுகளிலும் நாயின் எல்லை வாசலோடும் திண்ணையோடும் முடிந்தது. மிஞ்சிய களியும் கூழும் பழஞ்சோறும் அதற்கு உணவு. தெருவுக்கே பொதுவான நாயாகத் திரிந்து, இரவில் குரைத்து எச்சரிப்பது அதன் வேலை.

அந்த எல்லையை இவ்வூரில் வெளிப்படையாகக் கடந்தவர் இரமண மகரிசி. 1896 செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலைக்கு வந்த அவர், விருபாட்சி குகையிலும், 1916 முதல் 1922 வரை கந்தாசிரமத்திலும், அதன்பின் மலையடிவாரத்து ஆசிரமத்திலும் வாழ்ந்தார். அவரது வரலாற்றை எழுதிய ஆர்தர் ஆசுபர்ன், 1954இல் வெளிவந்த நூலில் ஆசிரமத்து விலங்குகளுக்கென்றே ஓர் இயலை ஒதுக்கியுள்ளார். மகரிசி விலங்குகளை 'அது' என்று அஃறிணையில் சுட்டாமல் 'அவன்', 'அவள்' என்றே குறிப்பிட்டார் என்பதும், பையன்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என அவர் விசாரித்தால் அது நாய்களைப் பற்றியதாகவே இருக்கும் என்பதும், ஆசிரமத்தில் முதலில் நாய்களுக்கும் அடுத்து இரவலர்க்கும் இறுதியில் அடியார்க்கும் உணவு படைக்கும் வரிசை இருந்தது என்பதும் அந்நூல் தரும் செய்திகள். எஞ்சியதை நாய்க்கு இடும் பொதுவழக்கு இங்கே தலைகீழாயிற்று.

கந்தாசிரமத்துக்குக் குட்டியாக வந்து சேர்ந்த கமலா என்னும் பெண்நாயின் கதை அந்நூலில் விரிவாகப் பதிவாகியுள்ளது. ஆண்டுதோறும் குட்டி போட்டு ஆசிரமத்தை நிரப்பிவிடும் என்று அஞ்சிய அடியார்கள் விரட்டியும் அது போகவில்லை. முதல் ஈற்றின்போது அதைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமமிட்டு, குட்டிகளோடு பத்து நாள் தங்கச் சுத்தமான இடம் ஒதுக்கினர். பத்தாம் நாள் மனிதப் பேற்றுக்குச் செய்வதுபோலவே தீட்டுக் கழித்து விருந்தும் நடந்தது. புதிதாக வருவோருக்கு மலையைச் சுற்றிக் காட்டும் பொறுப்பை மகரிசி கமலாவிடமே ஒப்படைப்பார். அது அவர்களை அழைத்துச் சென்று மலையைச் சுற்றியுள்ள திருவுருவங்களையும் தீர்த்தங்களையும் சன்னதிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டித் திரும்பும். கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது என்பதை எண்ணினால், மனிதரோடு மீண்டும் மீண்டும் நடந்து பழகியதன்றி வேறு பயிற்சி இல்லாத ஒரு நாட்டு நாய்க்கு இது எளிய வேலையன்று. பசு இலட்சுமி, மான் வள்ளி ஆகியவற்றின் சமாதிகளுக்கு அருகே ஜாக்கி என்னும் நாயின் சமாதியும் இன்றும் ஆசிரமத்தில் உள்ளது.

ஐரோப்பாவில் நாய் வளர்ப்பும் பயிற்சியும் அமைப்பு முறையில் வகுக்கப்பட்டதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். இங்கிலாந்தில் 1873இல் கென்னல் கிளப் தோன்றியபின் இனத்துக்கு இனம் உயரம், நிறம், உடலமைப்பு ஆகியவற்றுக்கு இலக்கணம் வகுக்கப்பட்டது. 1899இல் ஜெர்மனியில் ஜெர்மன் ஷெப்பர்டு இனத்துக்கெனச் சங்கம் அமைந்தது. 1910இல் கொன்ராட் மோஸ்ட் காவல் நாய்களுக்கான பயிற்சி நூலை வெளியிட்டார். கட்டளை, கீழ்ப்படிதல், பரிசு, தண்டனை என்ற அமைப்பு இவ்வழியே பரவி, 1950களின் தொடக்கத்தில் சென்னையில் அமைந்த காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவு வாயிலாகத் தமிழ்நாட்டிலும் பொதுமக்களுக்கு அறிமுகமாயிற்று.

தென்மாவட்டங்களின் பெரிய நாட்டு இனங்களுக்கு அதே நூற்றாண்டில் வேறொரு நெருக்கடி நேர்ந்தது. இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை வேட்டைக்கும் பண்ணைக் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பெரிதும் கட்டுப்படுத்தியபின் அவற்றின் பரம்பரைத் தொழில் மறைந்தது. இராஜபாளையத்தில் தூய வெண்ணிறத்தையும் இளஞ்சிவப்பு மூக்கையும் மட்டுமே நாடி இனப்பெருக்கம் செய்ததால் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதும் நிகழ்ந்தது. நாட்டு இனங்களைக் காக்கச் சென்னை சைதாப்பேட்டையில் 1980களின் தொடக்கத்தில் அரசு நாய் இனப்பெருக்கப் பிரிவு தொடங்கப்பட்டது. 2005 சனவரி 9இல் இந்திய அஞ்சல் துறை இராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வெளியிட்டது. இப்போது அவ்வினங்களோடு லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வீலர் ஆகியவையும் மாடி வீடுகளில் குடும்ப நாய்களாக வளர்கின்றன.

பட்டி நாய்க்குத் தானாகவே கிடைத்த பலவற்றை இன்று வளர்ப்போர் திட்டமிட்டுத் தர வேண்டியுள்ளது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் மைய அரசு விதி. தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் கடியின் அளவைக் கற்கும் பருவம் அதுவே. மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை குட்டி பார்க்கும் மனிதரும் கேட்கும் ஒலியும் பின்னாளில் அதற்கு அச்சம் தராதவையாகின்றன என்பதால், தீபத் திருவிழாவின் வெடியோசையும் பௌர்ணமி நாளின் நெரிசலும் உள்ள ஊரில், தடுப்பூசி அட்டவணையைக் கடைப்பிடித்துக்கொண்டே, ஒலியையும் கூட்டத்தையும் தொலைவிலிருந்து சிறிது சிறிதாகப் பழக்குவது தேவை. பெரிய இனங்களின் எலும்பு முதிர 18 முதல் 24 மாதங்கள் ஆகும். அதுவரை மாடிப்படி ஏற்றி இறக்குவதும், உயரத்திலிருந்து குதிக்க விடுவதும், விரைவில் வளரட்டும் என்று மருத்துவர் சொல்லாமலே சுண்ணாம்புச் சத்து மருந்துகளைக் கொடுப்பதும் மூட்டுகளைக் கெடுக்கும். கோடையில் சுடும் தார்ச்சாலையில் நடத்தாமல் விடியலுக்கு முன் அழைத்துச் செல்வதும், வேளை தவறாமல் ஒரே இடத்தில் உணவிடுவதும், எடை ஐந்து கிலோவாக இருக்கும்போதே மேலே தாவாமல் இருக்கவும் கயிற்றை இழுக்காமல் நடக்கவும் கற்பிப்பதும் அடிப்படை. நாற்பது கிலோவை எட்டிய நாய்க்கு இதைப் புதிதாகக் கற்பிப்பது வளர்ப்பவருக்கும் அண்டை வீட்டாருக்கும் துன்பமாகவே முடியும்.

கோவிவனுக்கு எருமைப் பட்டியும் கமலாவுக்குக் கிரிவலப் பாதையும் இருந்தன. இரண்டுக்கும் பெயரும் அன்றாடம் மனிதரோடு சேர்ந்து செய்யும் வேலையும் இருந்தன. இன்று பெரிய நாயின் தோற்றத்தை விரும்பி வாங்கி, வேலை எதுவும் தராமல் வாசல் கம்பியில் நாள்முழுதும் கட்டிவைப்பது இவ்வட்டார மரபுக்குப் பொருந்தாதது. அவ்வாறு கட்டிக்கிடக்கும் நாயின் ஓயாத குரைப்புக்கும் கடிக்கும் இனத்தைக் குறைகூறுவதில் பொருளில்லை. பெரிய இனக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவர எண்ணும் குடும்பம், நாள்தோறும் காலையும் மாலையும் அதனோடு நடக்க யார் இருக்கிறார் என்பதை முதலில் முடிவு செய்யட்டும். ஒருவரும் இல்லையெனில், குட்டியை வாங்காமல் இருப்பதே முறை.